மூன்று பெயர் பெற்ற ஒரு பூச்சி

2018ஆம் ஆண்டு வெளிவந்த எங்கள் தமிழ்த்துறை மலரில் பூச்சியினப் பெயர்கள் குறித்த ஒரு கலைச்சொற் பட்டியல் இடம்பெற்றிருந்தது. துறை ஆசிரியர் மூவர் சேர்ந்து ஆக்கியது அது. அதில் ‘செம்பழுப்பு அந்து’, ‘சாம்பல் அந்து’, ‘கருந்திட்டு அந்து’ என அடுத்தடுத்து நின்ற மூன்று பெயர்களும் ஒரே பூச்சிக்கு உரியவை. ஒன்றை மூன்றாக்கி, மூன்றிற்கும் நாங்களே பெயர் சூட்டி, அச்சிலும் ஏற்றிவிட்டோம். அடுத்த மலரிலேயே திருத்தம் வெளியிட எண்ணியிருந்தோம். 2020இல் பெருந்தொற்று வந்தது, மலர் நின்றது. இப்போது மீண்டும் மலர் வெளிவரும் வேளையில், ஒரு வரியில் திருத்தம் போட்டால் போதாதா என்று மலர்க்குழுவினர் கேட்டனர். போதாது என்பதே எங்கள் மூவரின் எண்ணம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

2017 டிசம்பரில் எங்கள் கல்லூரியில் ஒரு கண்காட்சி நடந்தது. விலங்கியல் துறையின் காட்சிக்கூடத்தில் பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த பூச்சிப் பெட்டிகளை வெளியில் எடுத்து வைப்பதென்றும், பள்ளிப் பிள்ளைகள் திரளாக வருவர் ஆதலின் ஒவ்வொன்றிற்கும் தமிழில் பெயரட்டை எழுதி வைப்பதென்றும் முடிவாயிற்று. அட்டை எழுதும் பணி எங்களிடம் வந்தது. தமிழில் சொல்ல முடியாதது ஏதுமில்லை என்று மேடைதோறும் முழங்குபவர்கள் அல்லவா நாங்கள்! மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம்.

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையின் நெடி முகத்தில் அடித்தது. அந்து என்பது நெல்லிலும் அரிசியிலும் விழும் சிறு பூச்சி. துணிப்பெட்டியைப் பூச்சிகளிடமிருந்து காப்பது அந்துருண்டை. அச்சிறு பூச்சியின் பெயரையே நீட்டி, இரவில் பறக்கும் சிறகுப் பூச்சிகள் பலவற்றையும் அந்துப்பூச்சி என்று பாடநூலார் வழங்கினர். மக்கள் வழக்கிலோ விளக்கைச் சுற்றி விழுவது விட்டில். ஆனால் விட்டில் என்னும் சொல் பயிரை அழிக்கும் வெட்டுக்கிளியையும் குறிக்கும். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று அரைநாள் வழக்காடினோம். அன்று பூச்சியைப் பார்த்த நேரம் சிறிது. சொல்லைப் பார்த்த நேரமே பெரிது.

அப்பெட்டியின் ஒரு மூலையில் இருந்தன அம்மூன்று பூச்சிகளும். பழைய மாணவர் எவரோ சேர்த்தவை போலும். கைத்திறன் போதாமையால் சிறகுகள் விரிக்கப்படாமல், ஓய்ந்திருக்கும் நிலையிலேயே ஊசியில் குத்தப்பட்டிருந்தன. ஒன்றன் முதுகு சுட்ட செங்கல் நிறம். மற்றொன்று அடுப்புச் சாம்பல் நிறம். மூன்றாவது பழுப்பு, அதன் சிறகின் நடுவே கரிய திட்டு ஒன்று பளிச்செனத் தெரிந்தது. மூன்று நிறம் கண்டோம். மூன்று பெயர் எழுதினோம். ஒவ்வோர் ஊசியிலும் பூச்சிக்குக் கீழே விரல்நகம் அளவில் அழுக்கேறிய காகிதத் துண்டு ஒன்று கோக்கப்பட்டிருந்தது. அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எங்கள் புதிய அட்டைகளின் அழகை அது கெடுத்தது. கழற்றிவிட்டோம். குப்பையில் போடுமாறு ஆய்வக உதவியாளரிடம் சொன்னோம்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் எங்கள் துறையின் முதலாண்டு மாணவர் ஒருவர் அப்பெட்டியின் முன் நெடுநேரம் நின்றார். ஆனைமலை அடிவாரத்தைச் சேர்ந்தவர். “ஐயா, இந்த மூணும் ஒண்ணுதானுங்களே. எங்க ஊர்ல தேக்குல விழுற புழுவோட அந்துங்க இது” என்றார். எங்களில் மூத்தவர், “தம்பி, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் திட்டு இருக்கிறது. நன்றாகப் பார்த்துவிட்டுப் பேசு” என்றார். சுற்றி நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தனர். மாணவர் மேலும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். நாங்களும் அதனை மறந்துவிட்டோம்.

மலர் வெளிவந்தது. கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற அம்மாணவர் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்றிருக்கிறார். அவருடைய தந்தையார் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்; தமக்கெனச் சிறிது தேக்கு வைத்து வளர்ப்பவர்; இளமை முதல் அப்பூச்சியோடு பழகியவர். பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் மகனிடம் சொன்னாராம்: “படிச்சவங்க மூணுன்னு அச்சுல போட்டிருக்காங்க. நாமதான் இத்தனை நாளாத் தப்பா நினைச்சுட்டு இருந்திருக்கோம்.” 2018 ஜூனில் கல்லூரி திறந்தபோது, விடுமுறை எப்படிக் கழிந்தது என்று நாங்கள் கேட்கப்போய், மாணவர் இதனை எவ்விதக் குறையும் இன்றிச் செய்தியாகவே சொன்னார். எங்களுக்கு அன்று உணவு இறங்கவில்லை. மகன் சொல் மட்டும் அன்று, நாற்பதாண்டுக் கண்ணறிவே எங்கள் அச்செழுத்தின் முன் தோற்றிருந்தது.

அன்று மாலையே மூன்று பூச்சிகளையும் எடுத்துக்கொண்டு விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் சென்றோம். உலர்ந்த பூச்சியின் சிறகை அப்படியே விரித்தால் ஒடிந்து உதிர்ந்துவிடும் என்றார் அவர். ஈரமணல் பரப்பிய மூடுகலத்தில் அவற்றை இரண்டு நாள் வைத்தார். ஈரத்தில் மூட்டுகள் இளகின. மூன்றாம் நாள் ஊசிமுனையால் முதற்பூச்சியின் முன்சிறகை மெல்ல ஒதுக்கினார். அதன் அடியில் ஒடுங்கியிருந்த பின்சிறகு வெளிப்பட்டது. கரும்பழுப்புத் தரையில் வளைந்து செல்லும் செம்மஞ்சள் பட்டை ஒன்று; ஓரத்தை ஒட்டி அதே நிறத்தில் ஒரு சிறு கீற்று. இரண்டாவதைத் திறந்தார், அதே பட்டை. மூன்றாவதிலும் அதுவே. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதன் அறிவியற் பெயர் ஹைபிளியா புவேரா. பீட்டர் கிராமர் என்னும் டச்சு அறிஞர் 1777இல் விளக்கி வெளியிட்டது. பேரினப் பெயர் 1793இல் பெப்ரீசியஸ் இட்டது. இந்தியாவின் அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளாக 1892 முதல் 1896 வரை எழுதிய ஹாம்ப்சன் இதனை நாக்டுயிடே என்னும் பெருங்குடும்பத்தில் வைத்தார். பின்னர் அது அங்கிருந்து பிரிக்கப்பட்டு ஹைபிளியிடே எனத் தனிக்குடும்பம் ஆயிற்று. அறிஞர்களே இடம் மாற்றி வைத்த பூச்சி என்று அறிந்தபோது எங்களுக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

இதன் முன்சிறகு ஒரு நிலையில் நிற்பதன்று. செம்பழுப்பு முதல் சாம்பல் வரை எந்நிறமும் கொள்ளும். குறுக்கே ஓடும் கோடுகள் ஒன்றில் தெளிவாக இருக்கும். மற்றொன்றில் தேடினாலும் தெரியா. திட்டும் அப்படியே. போதாக்குறைக்கு, அந்துப்பூச்சியின் நிறமெல்லாம் சிறகின் மேல் ஓடு வேய்ந்தாற்போல அடுக்கப்பட்ட நுண்செதில்களில் இருப்பது. பறந்து பறந்து செதில் உதிர்ந்த பூச்சி வேறொன்று போலத் தோன்றும். பெட்டியில் நெடுங்காலம் கிடந்து வெளிறியதும் அவ்வாறே. அமர்ந்திருக்கும்போது கண்ணில் படுவது இம்முன்சிறகு மட்டுமே. சருகின்மேல் அமர்ந்தால் சருகாகவே தெரியும். மாறாத அடையாளம் மறைந்திருக்கும் பின்சிறகில்தான் உள்ளது. முகத்தின் முன்னே அலகுபோல் நீண்டு நிற்கும் இரண்டு தொடுவுறுப்புகளும் துணை அடையாளம்.

அப்படியாயின் பின்சிறகைக் கண்டதும் முடிவு சொல்லிவிடலாமா என்று கேட்டோம். பேராசிரியர் தலையசைத்து மறுத்தார். இப்பேரினத்தில் வேறு இனங்களும் நம் நாட்டில் உண்டு; அவற்றின் பின்சிறகிலும் செம்மஞ்சள் உண்டு; பட்டை எங்கே வளைகிறது, எங்கே அறுபடுகிறது என்று நுணுகிப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு, “இவை எங்கே, எந்த மரத்தில் பிடிபட்டவை? ஊசியில் ஒரு சீட்டு இருந்திருக்குமே?” என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆய்வக உதவியாளரை அழைத்து வரச் சொன்னோம். அவர் எங்களைவிட அறிவுடையவர். எறியச் சொன்ன சீட்டுகளை எறியாமல் தீப்பெட்டி ஒன்றில் போட்டு மேசை அறையில் வைத்திருந்தார். “இதை எல்லாம் தூக்கிப் போடக்கூடாதுங்க சார், பழைய சார் திட்டுவாரு” என்றார். அப்பழைய ஆசிரியர் ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகள் ஆயின என்பது வேறு. எந்தச் சீட்டு எந்த ஊசிக்கு உரியது என்று இனி அறிய வழியில்லை. ஆனால் அறியவும் வேண்டியிருக்கவில்லை. மூன்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே நாள், ஒரே இடம். மூன்றிலும் ‘தேக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

இங்கே எங்களைச் சுட்ட செய்தி ஒன்றுண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுபவர்கள் நாங்கள். நிலமறியாமல் உயிரை அறிய முடியாது என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கொள்கையாகப் பெருமிதத்தோடு கற்பிக்கிறோம். பாட்டில் யானை வந்தால் குறிஞ்சியா என்று கேட்கும் நாங்கள், பூச்சி வந்தபோது எந்நிலம், எம்மரம் என்று கேட்கவில்லை. கேட்காதது மட்டுமன்று, விடை எழுதிய சீட்டையே கழற்றி எறிந்தோம்.

அடுத்த வாரம் மாணவரின் ஊருக்குச் சென்றோம். மழை தொடங்கியிருந்தது. ஊருக்குத் தென்மேற்கே, ஒருகாலத்தில் வெட்டிய மரங்களை மேலிருந்து சறுக்கிவிட்டதால் டாப்சிலிப் எனப் பெயர் பெற்ற மலைப்பகுதி. வெட்டி அழிந்த தேக்குக் காட்டை மீண்டும் தழைக்கச் செய்த ஹியூகோ வுட் என்னும் வன அலுவலர் 1933இல் மறைந்தபின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். நாங்கள் காப்புக்காட்டிற்குள் செல்லவில்லை. அங்கிருந்து ஒரு புழுவைக்கூட எடுத்தல் முறையன்று. மாணவரின் தந்தையார் தம் சொந்த நிலத்தில் வளர்த்த தேக்கே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

“வாங்க சார், உள்ள வாங்க” என்று வரவேற்றவர், தேநீர் வரும்வரை பொறுக்காமல் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். புதிய தளிர் விட்டிருந்த மரங்களில் பாதி, தளிர் இழந்து நின்றன. இலையின் மென்பகுதி முழுவதும் தின்னப்பட்டு நடுநரம்பும் பெருநரம்புகளும் மட்டும் குடைக்கம்பிகள் போல எஞ்சியிருந்தன. மழை விட்டிருந்தும் மெல்லிய தூறல் விழுவதுபோல ஓசை கேட்டது. அண்ணாந்து பார்த்தோம். “அது மழை இல்லீங்க சார், புழுவோட எச்சம் இலைமேல விழுறதுங்க” என்றார் அவர். காக்கைகளும் மைனாக்களும் விருந்துக்கு வந்தவை போலக் கிளைகளில் நிறைந்திருந்தன. நூல்விட்டுக் காற்றில் தொங்கிய புழுக்கள் எங்கள் தோளிலும் இறங்கின.

அவர் ஓர் இலையின் ஓரத்தைக் காட்டினார். புழு இலையோரத்தைச் சிறிது வெட்டி, மடித்து, நூலால் தைத்து, அம்மடிப்பிற்குள் பதுங்கியிருந்தது. ஒரு புழு இளம்பச்சை. அடுத்த மடிப்பில் இருந்தது கருமை. சிறகில் மட்டுமன்று, புழுப்பருவத்திலேயே இது நிறம் மாறும் இனம். ஒரு தாய் அந்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒன்றொன்றாகத் தளிரின் அடிப்புறத்தில் ஒட்டிவைக்கும். முட்டையிலிருந்து மீண்டும் அந்தாக மாற ஏற்ற காலத்தில் மூன்று வாரமே போதும். முதலில் சிறுசிறு இடங்களில் தோன்றி, அங்கே பிறந்த அந்துகள் கூட்டமாகப் பெயர்ந்து அடுத்த தோட்டத்தில் முட்டையிடுவதால்தான், நேற்றுப் பசுமையாக இருந்த மரம் மறுவாரம் மொட்டையாக நிற்கிறது.

மரம் இதனால் பட்டுப்போவதில்லை, மறுபடியும் தளிர்க்கும். ஆயினும் பருக்க வேண்டிய மரம் பருப்பதில்லை. மலபார் ஆட்சியர் கோனோலி காலத்தில், 1840களில், தேக்குத் தோட்டம் தொடங்கப்பட்ட நிலம்பூரில், கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் இளம் தோட்டங்களில் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு இவ்விழப்பை அளந்து கூறுகிறது. இப்புழுவால் இளந்தேக்கு அடைய வேண்டிய மரப்பெருக்கத்தில் 44 விழுக்காடு இல்லாமற் போகிறதாம். இவ்வெண்ணைச் சொன்னபோது தந்தையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மகள் திருமணத்திற்கென்று வைத்த மரங்கள் அவை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

ஒரே மரத்திலிருந்து நாற்பது புழுக்களை எடுத்து, நான்கு கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, வாயில் மெல்லிய துணி கட்டிக் கொண்டுவந்தோம். நாள்தோறும் புதிய தேக்கிலை வேண்டும். கல்லூரிக்கு அருகில் ஒரு வீட்டின் வேலியோரம் நின்ற மரம் கைகொடுத்தது. துறை அறையில் இலை அழுகிய நாற்றம் நிறைந்தது. சில புழுக்கள் கருகித் தொங்கிச் செத்தன. எஞ்சியவை கூட்டுப்புழுவாயின. ஒரு வாரம் கழிந்தது. பிறகு ஒருநாள் காலை அறையைத் திறந்தபோது குப்பிகளின் துணியில் அந்துகள் அமர்ந்திருந்தன. அவ்வாறு கிடைத்தவை 23.

அவற்றை வெள்ளைத் தாளில் நிறவரிசையாக அடுக்கினோம். ஒரு முனையில் செங்கல் நிறம், மறுமுனையில் சாம்பல். செம்பழுப்பு அந்து எங்கே முடிகிறது, சாம்பல் அந்து எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முயன்றோம். எங்களில் ஒருவர் பதினோராவதன் பின் கோடு போட்டார். மற்றொருவர் ஒன்பதாவதன் பின். மூன்றாமவர் எழுதுகோலையே கீழே வைத்துவிட்டார். கருந்திட்டோ வரிசையின் இருமுனைகளிலும் இருந்தது. இருபத்து மூன்றின் பின்சிறகிலும் ஒரே பட்டை. ஒரே மரத்தில் எடுத்தமை மட்டும் உறுதியான சான்று ஆகாது, ஒரு மரத்தில் பல இனங்கள் கூடி வாழலாம் என்று பேராசிரியர் அப்போதும் எச்சரித்தார். ஆனால் பிரிக்க இடைவெளியே இல்லாத வரிசையும், மாறாத பின்சிறகும், ஒத்த புழுவும், ஒரே உணவும் சேர்ந்து நிற்கும்போது இனி ஐயுறுவதற்கு இடமில்லை என்று அவரே முடித்தார்.

இம்முறை எங்களுக்குப் புதிதன்று. ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும்போது செய்வது இதுதான். பத்து ஏட்டில் பத்துப் பாடம் இருந்தால் பத்து நூல் என்று எவரும் சொல்வதில்லை. எழுதினோர் கைக்கு ஏற்பச் சொல் மாறும். எதுகையும் மோனையும் யாப்பும் நூலைக் காட்டிக்கொடுக்கும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதை உருக்கமாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். பூச்சிப் பெட்டிக்கு முன் நின்றபோது அது நினைவிற்கு வராமற் போனது ஏனோ!

இடத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேக்கில் காணும் அந்தெல்லாம் இதுவன்று. இலையின் பசுமையை மட்டும் சுரண்டித் தின்று நரம்புவலையைச் சல்லடைபோல விட்டுவைக்கும் மற்றொரு புழு உண்டு; யூடெக்டோனா மகேராலிஸ் என்பது அதன் பெயர். அது முற்றிய இலையை விரும்புவது; பெரும்பாலும் பருவத்தின் பிற்பகுதியில் வருவது. அதன் அந்து மஞ்சள் நிறத்தது, சிறகில் செந்நிற நெளிகோடுகள் உடையது. மறுபுறம், நம் அந்தும் தேக்கில் மட்டும் வாழ்வதன்று. நொச்சி இனத்து மரங்கள் சிலவற்றையும் அது உண்ணும். மும்பைக் கடலோரத்தில் வெண்கண்டல் மரங்களை மொட்டையாக்கியதும் இதே பூச்சி என்று பதிவுகள் உண்டு. ஒருநிலத்துப் பூவும் புள்ளும் மற்றொரு நிலத்தில் மயங்கி வருதலைத் தொல்காப்பியரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார் அன்றோ? தின்ற இலையையும், வந்த பருவத்தையும், பின்சிறகையும் சேர்த்துப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பெயர் என்ன வைப்பது என்ற வழக்கு மீண்டும் எழுந்தது. இம்முறை அரைநாள் ஆகவில்லை. ஊரார் சொல்லும் ‘தேக்குப் புழு’ என்பதிலிருந்தே ‘தேக்குப்புழு அந்து’ என்று கொண்டோம். இலக்கணத்திற்குச் சற்று இடறுகிறது என்று மூத்தவர் முணுமுணுத்தார். ஆயினும் அட்டையைத் தம் கையாலேயே எழுதினார். மூன்று பூச்சிகளும் இப்போது சிறகு விரித்து அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றிற்கும் சேர்த்து ஓர் அட்டை. தீப்பெட்டியில் இருந்த சீட்டுகள் மீண்டும் ஊசிகளில் ஏறிவிட்டன. இவை ஊசி மாறியிருக்கலாம் என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறோம்.

ஆகவே, 2018ஆம் ஆண்டு மலரின் கலைச்சொற் பட்டியலில் ‘செம்பழுப்பு அந்து’, ‘சாம்பல் அந்து’, ‘கருந்திட்டு அந்து’ என்னும் மூன்றையும் நீக்கி, அவ்விடத்தில் ‘தேக்குப்புழு அந்து’ என்று திருத்தி வாசிக்குமாறு வேண்டுகிறோம். பிழையை முதலில் கண்டு சொன்னவர் எங்கள் துறையின் அந்நாளைய முதலாண்டு மாணவர். இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறார். பெயரைக் குறிப்பிட இசைவு கேட்டோம். “வேண்டாங்க ஐயா” என்று மறுத்துவிட்டு, இம்மலரில் இரண்டு படி மட்டும் கேட்டார். ஒன்று தமக்கு, மற்றொன்று தந்தையாருக்கு.